பேறுகாலமா, பேரிடியா?

ஈரோட்டிலே கூட்டம் முடிந்து, மேடையை விட்டு இறங்கி, தேநீர்க் கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். தோழர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகே வந்தார். ஆற்றுக்கு அக்கரையில் பள்ளிபாளையம் அவருக்கு. விசைத்தறியில் வேலை. கூட்டத்திலே பேசியதைப் பற்றி ஏதோ கேட்கப் போகிறார் என்றுதான் எண்ணினேன். அவரோ சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"மூத்த பொண்ணுக்கு எட்டு மாசமுங்கண்ணா. தலைப்பிரசவம். ஆஸ்பத்திரியிலே எழுதிக் குடுத்திருக்காங்க. கொஞ்சம் பாருங்க" என்றார்.

பார்த்தேன். ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் இங்கு வேண்டாம். சுகப்பிரசவம் 45,000 ரூபாய். அறுவை என்றால் 95,000 ரூபாய். அடியில் சின்ன எழுத்தில் மூன்று சொற்கள்: "மருந்து, குழந்தை தனி."

குழந்தை தனியாம்! பிள்ளை பெறுவதற்குத்தான் 95,000. பிறந்த பிள்ளையைப் பார்ப்பதற்கு வேறு கணக்காம்!

"உங்கள் கூலி என்ன?" என்று கேட்டேன். ஓடினால் வாரம் 3,500 என்றார். 'ஓடினால்' என்ற அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். நூல் விலை ஏறினால் தறி நிற்கும். சரக்குத் தேங்கினால் தறி நிற்கும். மின்சாரம் போனாலும் நிற்கும். வாரந்தோறும் வாசலில் வந்து உட்காரும் குழுக்கடன்காரர் மட்டும் ஒருநாளும் நிற்பதில்லை.

"பணத்துக்கு என்ன வழி?"

"வீட்டுக்காரி சங்கிலி இருக்குதுங்க. அடகு வெச்சா ஒரு அறுபது வரும். மீதிக்கு மூணு வட்டிக்கு ஒருத்தர் தர்றேன்னு சொல்லியிருக்காரு."

"அரசு மருத்துவமனைக்குப் போனால் என்ன?"

அவர் முகம் தாழ்ந்தது. "எனக்கொண்ணும் இல்லீங்கண்ணா. சம்பந்தி வீட்லே ஒத்துக்க மாட்டேங்கறாங்க. 'எங்க வீட்டு வாரிசு, தர்ம ஆஸ்பத்திரியிலே பொறக்கணுமா'ன்னு கேக்கறாங்க."

தர்ம ஆஸ்பத்திரி! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. சம்பந்தி அம்மையார்மீது அன்று, அந்தச் சொல்லின்மீது. யார் யாருக்கு இடும் தருமம் அது? தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி கட்டுகிறான். உப்புச் சப்பில்லாத சோற்றை உண்பவனும், கட்டியிருக்கும் வேட்டிக்கு வரி கட்டித்தான் உடுத்துகிறான். அவன் பணத்தில் எழுந்த கட்டடம், அவன் பணத்தில் சம்பளம் பெறும் மருத்துவர், அவன் பணத்தில் வாங்கிய மருந்து. தன் வீட்டுக் கிணற்றில் தானே நீர் மொள்வதற்குப் பெயர் தருமமா?

இதிலே இன்னொன்றும் இருக்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் நாட்டு வழக்கம். கருவுற்ற பெண், தாயின் அரவணைப்பில் நாலு மாதம் இருக்கட்டும் என்று ஏற்பட்ட நல்ல வழக்கம்தான். ஆனால் இன்று அது என்னவாயிற்று? வளைகாப்பு அவர்கள் செலவு. மருத்துவமனை அவர்கள் செலவு. பிள்ளைக்கு அரைஞாணும் காப்பும் அவர்கள் செலவு. எந்த மருத்துவமனை, எந்த அறை, குளிர்சாதனம் உண்டா இல்லையா என்று முடிவு செய்வது மட்டும் மாப்பிள்ளை வீட்டார் உரிமை! பணம் கொடுப்பவனுக்கு வாய் இல்லை. வாய் இருப்பவன் பணம் கொடுப்பதில்லை. வரதட்சணையைச் சட்டம் தடுத்தது 1961 இல். வாசல் வழியே வெளியேறிய அது, பேறுகால அறையின் சன்னல் வழியே மீண்டும் உள்ளே வருகிறது.

இவ்வளவுக்கும் நடுவே, பிள்ளையைச் சுமப்பவளின் விருப்பம் என்ன என்று யாராவது கேட்டார்களா? கேட்டேன். "அதுக்கென்னங்க தெரியும், சின்னப் பொண்ணு" என்றார் தோழர். இருபத்து மூன்று வயதுப் பெண்! பட்டப் படிப்பு முடித்தவள்! அவள் வயிறு, அவள் வலி, அவள் உயிர். அவளுக்கு மட்டும் இதில் வாக்குரிமை இல்லை.

தோழருக்கு அன்றிரவு நான் சொன்னவற்றைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். அவரைப் போல் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடப்பவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள்.

முதலில், வீட்டிலா மருத்துவமனையிலா என்ற கேள்வி தமிழகத்தில் ஏறத்தாழத் தீர்ந்துபோன ஒன்று. 2019-21 இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் நூற்றுக்கு 99.6 பேறுகள் மருத்துவ நிலையங்களில் நடந்தவை. மருத்துவச்சியின் கைராசியையும் குலதெய்வத்தின் கருணையையும் நம்பித் தாயும் சேயும் ஒருசேர மாண்ட காலத்தை நம் பாட்டிமார் கண்டிருக்கிறார்கள். அந்த இருட்டிலிருந்து இத்தனை தூரம் வந்திருக்கிறோம். ஆயினும் அந்த இருட்டுக்கே திரும்பிப் போகலாம் என்று சொல்லும் படித்த கூட்டம் ஒன்றும் கிளம்பியிருக்கிறது. 'இயற்கை முறை' என்கிறார்கள். கைப்பேசியில் படம் பார்த்துப் பேறு பார்க்கலாம் என்கிறார்கள். 2018 இல் திருப்பூரில் அப்படி வீட்டிலேயே முயன்ற ஒரு பெண் குருதி கொட்டி உயிர் நீத்தாள். இயற்கை என்பது தாயைப் போல் அணைக்கவும் செய்யும். பேயைப் போல் அறையவும் செய்யும். பேற்றுக்குப் பின் பெருகும் குருதி, ஓர் உயிரைக் கொண்டுபோகச் சில மணி நேரமே கேட்கும். அந்தச் சில மணிக்குள் ஊசியும், குருதிப் புட்டியும், கத்தி பிடிக்கத் தெரிந்த கையும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே, எந்த மருத்துவமனை என்பதுதான் கேள்வி.

பளிங்குத் தரையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் பலர். வரவேற்பறையில் மீன்தொட்டி இருக்கிறதாம்; செவிலியர் ஆங்கிலத்தில் பேசுகிறார்களாம்; மருத்துவர் கைராசிக்காரராம். அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இரவு 2 மணிக்கு இங்கே மகப்பேறு மருத்துவர் இருப்பாரா, அல்லது தொலைபேசியில் எழுப்ப வேண்டுமா? மயக்க மருந்து கொடுப்பவர் இங்கேயே இருப்பவரா, வேறு ஊரிலிருந்து வர வேண்டியவரா? குருதி வங்கி உண்டா? இல்லையென்றால் எத்தனை கல் தொலைவு? பிள்ளை எடை குறைந்து பிறந்தால், மூச்சுத் திணறினால், இங்கே பார்ப்பார்களா, இல்லை வேறு இடத்துக்கு அனுப்புவார்களா?

கடைசிக் கேள்விக்குத்தான் பல சிறு மருத்துவமனைகளில் விடை தடுமாறும். எல்லாம் நல்லபடி நடந்தால் அவர்களே பார்ப்பார்கள், பணமும் வாங்குவார்கள். குருதி நிற்கவில்லை, நாடி தளர்கிறது, நிலைமை மோசம் என்றால்? "உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்!" எந்தப் பெரிய ஆஸ்பத்திரி? முன்பு மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுக்கினோமே, அதே அரசு ஆஸ்பத்திரி! சங்கிலியை விழுங்கியது ஓரிடம்; உயிரைக் காக்க ஓடுவது வேறிடம். இதைப் பார்க்காத மாவட்டத் தலைநகரம் உண்டா?

அரசு சார்பில் உள்ள ஏற்பாட்டைத் தோழர்கள் முழுதாய் அறிந்திருப்பதாகத் தோன்றவில்லை. சிக்கலற்ற பேற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையமே போதும். இரவும் பகலும் செவிலியர் இருக்கும் நிலையங்கள் அவை. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கடுமையான இரத்தசோகை, இரட்டைக் கரு, முன்பே அறுவை நடந்தது, பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் குறுக்கே கிடப்பது என்பவற்றில் ஒன்று இருந்தாலும் முன்கூட்டியே பெரிய மருத்துவமனையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அங்கே வாயிலில் 'சீமாங்' என்றொரு பலகை தொங்கும். பெயரைக் கேட்டால் சீன தேசத்துப் பெயர்போல் இருக்கிறது. நல்ல தமிழில் எழுதியிருக்கலாம். அவசர மகப்பேறும் பச்சிளங் குழந்தைப் பராமரிப்பும் ஒரே கூரையின் கீழ் இருபத்து நான்கு மணி நேரமும் நடக்கும் மையம் அது. அறுவைக் கூடம், மயக்கவியல் மருத்துவர், குருதி, குழந்தைக்கு வெப்பப் படுக்கை எல்லாம் அங்கே உண்டு.

செலவு? 2011 இல் நாடு முழுமைக்கும் வந்த திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் பேறு இலவசம், அறுவையும் இலவசம். மருந்து, சோதனை, குருதி ஆகியவற்றுக்குக் காசில்லை. சுகப்பிரசவத்துக்கு 3 நாளும் அறுவைக்கு 7 நாளும் தாய்க்கு உணவு. வீட்டிலிருந்து வரவும், வேறு மருத்துவமனைக்கு மாற்றவும், பிள்ளையுடன் வீடு திரும்பவும் வண்டி. நம் மாநிலத்தில் 2008 முதல் ஓடும் 108 வண்டியை அறியாதார் இல்லை. அந்த வண்டிக்குள்ளேயே பிறந்த பிள்ளைகளும் எத்தனையோ பேர். பிறந்த சிசுவுக்கு நோய் வந்தால் அதற்கும் கட்டணம் கிடையாது. 'குழந்தை தனி' என்ற சொல் அங்கே இல்லை.

இதற்கு மேல் கையிலும் பணம் தரும் ஏற்பாடு தமிழகத்தில் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கும் மகப்பேறு நிதியுதவி அது. அந்த அம்மையார் யார் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியுமோ, தெரியாதோ! 1886 இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் ஒரே பெண்ணாக உட்கார்ந்து படித்தவர். 1912 இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து மருத்துவப் பட்டம் பெற்று வெளிவந்தவர். சட்டமன்றத்துக்குள் சென்று, கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டும் கொடுமையை ஒழிக்க முழங்கியவர். வைதிகர் சீறினர், அம்மையார் அஞ்சவில்லை. 1947 இல் அந்தக் கொடுமை சட்டத்தால் ஒழிந்தது. அடையாற்றில் 1954 இல் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பியவரும் அவரே. அவர் பெயரை ஏழைத் தாயின் பேறுகால உதவிக்குச் சூட்டியது பொருத்தத்திலும் பொருத்தம்.

1987 இல் 300 ரூபாயாகத் தொடங்கியது அந்த உதவி. அன்றைக்கும் 300 ரூபாய் பெரிய தொகையல்ல. 2006 இல் கலைஞர் அரசு அதை ஒரே தாவலில் 6,000 ஆக்கிற்று. அடுத்து வந்த ஆட்சி 2011 இல் 12,000 ஆகவும், 2018 இல் 18,000 ஆகவும் உயர்த்திற்று. மாற்றார் செய்தனர் என்பதற்காக நல்லதை மூடி மறைப்பது நம் பழக்கமன்று. 18,000 இல் 14,000 பணமாகவும், எஞ்சியது ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் என்று கணக்கு. பேரீச்சம்பழமும் நெய்யும் சத்துமாவும் அந்தப் பெட்டகத்தில் இருக்கும். தாய்க்கு உரிய அதை மாமியாரும் மைத்துனரும் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்ல வேண்டிய நிலையில்தான் பல வீடுகள் இருக்கின்றன.

இதைப் பெறுவதற்கு ஒரு திறவுகோல் உண்டு. கரு உறுதியானவுடன், தள்ளிப் போடாமல், 12 வாரத்துக்குள் ஊர்ச் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதிந்து எண் பெற்றாக வேண்டும். தனியாரிடம் காட்டுகிறவர்களும் பதிய வேண்டும்; பின்னால் பிறப்புச் சான்றிதழ் எழுதும்போதும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். பெண்ணுக்கு வயது 19 நிரம்பியிருக்க வேண்டும். முதலிரண்டு பேறுகளுக்கே உதவி. "மூன்று மாதம் ஆகும்வரை வெளியே சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும்" என்று மூடி வைக்கும் வீடுகள் இந்தத் திறவுகோலைத் தாமே ஆற்றில் எறிகின்றன. கண்ணேறு பட்டதோ இல்லையோ, 18,000 மட்டும் கண்ணில் படாமலே போகிறது!

நம்மவர் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். தவணை காலத்தில் வருவதில்லை என்ற குறையை நான் போகும் ஊரெல்லாம் கேட்கிறேன். கருவுற்ற காலத்தில் சத்துணவுக்கென்று தரும் பணம், பிள்ளை தவழும்போது வந்தால், அது எந்த வயிற்றுக்கு? 2021 தேர்தல் அறிக்கையிலே தொகையை 24,000 ஆக்குவோம் என்று கழகம் எழுதிற்று. 2024 இல் தவணைகளைத் திருத்தியபோதும் தொகை 18,000 ஆகவே நின்றது. ஊருக்கு ஊர் மேடை போட்டு அந்த அறிக்கையை வாசித்தவர்களில் நானும் ஒருவன். எனவே கேட்கும் கடமை எனக்கு முதலில் உண்டு.

அரசு மருத்துவமனை பொன்னால் இழைத்த மாளிகை என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அங்கே போய் வந்த பெண்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வலியில் துடிப்பவளைப் பார்த்து வாயில் வராத வார்த்தை பேசும் ஆயாக்கள் உண்டு. ஒரு கட்டிலில் இருவர் படுக்கும் நெருக்கடி உண்டு. கழிப்பறையைப் பற்றிப் பேசவே வேண்டாம். எல்லாவற்றையும் விடக் கொடியது ஒன்று உண்டு. பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, தகப்பன் கையில் கொடுக்காமல் நிற்பார்கள். ஆண் என்றால் இவ்வளவு, பெண் என்றால் இவ்வளவு என்று விலை! உலகத்துக்கு வந்த முதல் நாழிகையிலேயே, நீ பெண், உன் விலை குறைவு என்று அந்தச் சிசுவின் காதில் ஓதுகிறார்கள். இலவசம் என்று சுவரில் எழுதியிருப்பதன் அடியிலேயே இது நடக்கிறது. இந்தச் சில்லறைக் கொள்ளைக்கு அஞ்சியே பெருங்கொள்ளையின் வாயில் போய் விழுகிறவர்கள் ஏராளம். பத்து மருத்துவரின் உழைப்பால் வந்த நற்பெயரை ஒரு கை நீட்டல் அழித்துவிடுகிறது. ஆட்சியிலிருப்போர் எவராயினும் இதை அற்பமென்று ஒதுக்கலாகாது.

இருந்தும் அந்த இடங்கள் செய்துள்ள வேலை என்ன தெரியுமா? 2018-20 கணக்கில், இந்தியாவில் லட்சம் பேறுகளுக்கு 97 தாய்மார் மாண்டனர். தமிழகத்தில் 54. அசாமில் 195. நம் மாநிலத்துப் பேறுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு அரசு நிலையங்களில் நடப்பவை. எனவே அந்த 97 க்கும் 54 க்கும் இடையிலுள்ள உயிர்களைக் காத்ததில் பெரும்பங்கு, நாம் மூக்கைச் சுளிக்கும் அந்தக் கட்டில்களுக்கே உரியது. பக்கத்துக் கேரளத்தில் 19 தான் என்பதையும் மறைக்க மாட்டேன். அதை எட்டும் வரை நம் மார்தட்டல் பாதிக் குரலில்தான் இருக்க வேண்டும். 1844 இல் சென்னையில் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை பல தலைமுறைகளுக்குப் பேறு பார்த்த இடம். அங்கே பணியாற்றிய ஏ. இலட்சுமணசாமி முதலியார், நீதிக்கட்சித் தலைவர் இராமசாமி முதலியாரின் இரட்டையர். 1938 இல் அவர் எழுதிய மகப்பேற்று நூலைப் படித்து மருத்துவரானவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். 'தர்ம ஆஸ்பத்திரி'யில் கற்ற கல்விதான் இன்று குளிர்சாதன அறைகளில் விலைக்கு விற்கப்படுகிறது!

இனி அறுவை. தோழரின் சீட்டிலே 45,000 க்கும் 95,000 க்கும் இடையே உள்ள பள்ளம் 50,000. அந்தப் பள்ளத்தில்தான் பல குடும்பங்கள் விழுகின்றன. அதே 2019-21 கணக்கெடுப்பைப் பார்ப்போம். தமிழகத்தின் தனியார் மருத்துவமனைகளில் 100 பேறுக்கு 63.8 அறுவை, அரசு மருத்துவமனைகளில் 36. நாலாண்டு முன்பு, 2015-16 கணக்கில், அவை 51.3 உம் 26.3 உமாக இருந்தன. சிக்கலான பேறுகளெல்லாம் அரசு மருத்துவமனைக்குத்தானே தள்ளி விடப்படுகின்றன? அப்படியானால் கத்தி அங்கேயல்லவா அதிகம் பேச வேண்டும்? அங்கே 36, இங்கே 63.8! தமிழச்சியின் இடுப்பெலும்பு தனியார் மருத்துவமனை வாயிலைத் தாண்டியவுடன் சுருங்கிவிடுகிறதா?

10 க்கு மேல் போனால் தாய் சேய் இறப்பு மேலும் குறைவதாகச் சான்றில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015 இல் கூறியது. அரசு மருத்துவமனையின் 36 உம் அந்த அளவில் குறைவானதன்று. அதையும் கேட்கத்தான் வேண்டும். வேண்டிய இடத்தில் அறுவை உயிர் காக்கும். அதை மறுப்பவன் மடையன். வேண்டாத இடத்தில் செய்த அறுவை, அடுத்த பேற்றையும் அறுவைக்கு இழுத்துச் செல்லும். தறிக்கும் களத்துக்கும் திரும்ப வேண்டிய உடம்பை நெடுநாள் கிடத்திப் போடும். "ஏன் அறுவை?" என்று மருத்துவரைக் கேட்பது அவமதிப்பன்று. நல்ல மருத்துவர் காரணம் சொல்வார்.

மருத்துவர்மீது மட்டும் பழி போட்டுவிட்டுப் போக என் மனம் ஒப்பவில்லை. சோதிடனைக் கேட்டு நாளும் நாழிகையும் குறித்துக்கொண்டு வந்து, "செவ்வாய்க்கிழமை 10.20 க்குள் எடுத்துவிடுங்கள்" என்று கெஞ்சுகிற கூட்டம் யார் வீட்டுக் கூட்டம்? 'பெண் மூலம் நிர்மூலம்' என்று பாட்டி சொன்னாளாம். மூல நட்சத்திரம் வருவதற்குள் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்க வேண்டுமாம்! முன்பெல்லாம் பிள்ளை பிறந்த பிறகு சாதகம் எழுதினார்கள். இப்போது சாதகம் எழுதிவிட்டுப் பிள்ளையைப் பிறக்க வைக்கிறார்கள். பொய்யென்று நாம் சொன்ன சாதகத்தை அவர்களே பொய்யாக்கிக் காட்டுகிறார்கள். நாமே அமர்த்திய நேரத்தில் கோளுக்கு என்ன வேலை? கருவில் முற்றாத பிள்ளையை நல்ல நேரம் பார்த்து எடுத்தால், அந்த நல்ல நேரத்தின் முதல் பத்து நாளை அது கண்ணாடிப் பெட்டிக்குள் கழிக்கும். அதற்கு நாள் வாடகை உண்டு.

சீட்டில் இல்லாத செலவுகள் என்று தோழருக்கு நான் எழுதிக் கொடுத்தவை இவை: அறை வாடகை எத்தனை நாளுக்குச் சேர்த்தது? மயக்க மருத்துவர் கட்டணம் உள்ளேயா, வெளியேயா? குழந்தை மருத்துவர் வந்து பார்க்கும் ஒவ்வொரு முறைக்கும் எவ்வளவு? மஞ்சள் காமாலைக்கு விளக்கொளியில் வைத்தால் நாளுக்கு என்ன? கையுறையும் பஞ்சும் யார் கணக்கு? குருதி ஏற்றினால்? சுகப்பிரசவம் என்று தொடங்கி நடுவில் அறுவையானால் இரண்டு கட்டணமும் சேருமா? இவற்றை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தத் தமிழகம் 1997 இல் சட்டம் இயற்றிற்று. அந்தச் சட்டத்துக்கான விதிகள் பிறந்தது 2018 இல்! பெண்ணுக்குப் பத்து மாதம். விதிக்கு 21 ஆண்டு!

காப்பீடு இருக்கிறதே என்பார்கள் சிலர். வாங்கிய தாளை வாசித்துப் பாருங்கள். மகப்பேற்றுக்குப் பல திட்டங்களில் ஆண்டுக் கணக்கில் காத்திருக்கச் சொல்கிறார்கள். கொடுத்தாலும் ஓர் உச்சவரம்பு உண்டு. கருவுற்ற பின் வாங்கும் காப்பீடு, மழை பெய்த பின் வாங்கும் குடை. தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ள பெண்ணுக்கு மருத்துவமும் உண்டு, 26 வாரக் கூலியும் உண்டு. ஆனால் தறிப்பட்டறைப் பெண்களில் எத்தனை பேர் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது? முதலாளியின் கணக்குப் புத்தகத்திலேயே அவர்கள் பெயர் இல்லையே!

தனியார் மருத்துவமனைகள் எல்லாமே கொள்ளைக்கூடம் என்று நான் சொல்லவில்லை. கையில் பணம் உள்ளவர், கேட்க வேண்டியதைக் கேட்டு, கணக்கை எழுத்தில் வாங்கி, மனமொப்பிப் போனால் அது அவர் உரிமை. குறைந்த கட்டணத்தில் நேர்மையாகப் பார்க்கும் மருத்துவர்களும் சிற்றூர்களில் இருக்கிறார்கள். என் சினமெல்லாம், தாலிச் சங்கிலியை விற்றுச் சம்பந்தியின் கௌரவத்தை வாங்கும் அந்த வியாபாரத்தின்மீதுதான்.

"பொண்ணையே கேளுங்க" என்று சொல்லித் தோழரை அனுப்பினேன்.

கேட்டிருக்கிறார். அந்தப் பெண் செவிலியரிடம் முன்பே பதிந்து எண்ணும் வாங்கி வைத்திருந்தாளாம். கணவனையும் அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கே போய், பேற்று அறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்துவிட்டு வந்தாளாம். "கூட ஒரு பெண் துணைக்கு இருக்கலாமாம், அம்மா இருந்தால் போதும்" என்று சொல்லிவிட்டாள். மாமியார் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

சென்ற வாரம் தோழர் தொலைபேசியில் பேசினார். பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. கத்தி படவில்லை. இரவு ஒன்றரை மணிக்கு 108 வந்தது. வீடு திரும்பவும் வண்டி கிடைத்தது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் உறவினர் வந்துபோன பேருந்துக்குமாக 2,140 ரூபாய் ஆயிற்றாம். சங்கிலி வீட்டில் இருக்கிறது.

"கை நீட்டினார்களா?" என்று கேட்டேன்.

சிறிது நேரம் பேச்சில்லை. "ஒரு அம்மா ஐந்நூறு கேட்டாங்கண்ணா" என்றார். "என் பொண்ணு கட்டில்லே படுத்துக்கிட்டே, 'எழுதிக் குடுங்க, தர்றோம்'னு சொல்லிட்டா. அந்தம்மா குழந்தையைக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."